பெப்ரவரி 30ஆம் திகதி நடந்தவை

பெப்ரவரி 30ஆம் திகதி என்று ஒரு நிருபர் எழுதி அனுப்பினால், செய்தி ஆசிரியர் மறுபேச்சின்றி அதை வெட்டிவிடுவார். நாட்காட்டியில் இல்லாத நாள் அது. கடன் வாங்கியவர் அந்தத் திகதியைத் தவணையாகச் சொன்னால் பணம் திரும்பி வராது என்று பொருள். ஆயினும் கடந்த நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற ஆங்கில நாவல்களுள் ஒன்றின் பின்னிணைப்பில், காலவரிசை அட்டவணையொன்றில், அந்தத் திகதி எவ்விதக் கூச்சமுமின்றி அச்சிடப்பட்டுள்ளது. அன்று நடந்த இரு நிகழ்வுகளும் அதன் எதிரே தரப்பட்டுள்ளன. மரங்களின் மேய்ப்பரான ஆதி இனத்தவர் காட்டினுள் கூடி ஆலோசனையைத் தொடங்கினர். குதிரை வீரர்களின் தளபதி ஒருவன், தலைநகருக்குத் திரும்பும் வழியில், முடியிழந்த அரச மரபின் வாரிசைச் சந்தித்தான்.

அந்நூல் ஜே. ஆர். ஆர். டொல்கீன் எழுதிய 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்'. 2001 முதல் 2003 வரை வெளியான மூன்று திரைப்படங்களால் அந்தக் கதை இன்று நூலைத் தொட்டிராதவர்களுக்கும் தெரியும். எதிரியின் வலிமை முழுவதும் அடங்கிய ஒரு மோதிரத்தை, அது உருக்கி வார்க்கப்பட்ட எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு, உருவத்தில் சிறிய, உணவிலும் புகையிலையிலும் நாட்டமுள்ள ஹொபிட் இனத்தைச் சேர்ந்த புரோடோ என்பவனின் தலையில் விழுகிறது. துணைக்குச் சென்றவர்கள் வழியில் சிதறிப் போகிறார்கள். கதையின் பிற்பாதி முழுவதும், ஒருவர் உயிரோடிருக்கிறாரா இல்லையா என்பதைக்கூட மற்றவர் அறியாத நிலையிலேயே நடக்கிறது.

நூலின் முதல் இரண்டு பாகங்கள் 1954ஆம் ஆண்டு ஜூலையிலும் நவம்பரிலும் லண்டனில் வெளிவந்தன. மூன்றாம் பாகம் 1955 ஒக்டோபரிலேயே வந்தது. புரோடோ உயிருடன் எதிரியின் கையில் சிக்கினான் என்ற இடத்தில் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு, வாசகர்களைப் பதினொரு மாதங்கள் காக்க வைத்தார்கள். தாமதத்திற்கு முதன்மையான காரணம் பின்னிணைப்புகளே. அரச வம்சாவளிகள், எழுத்து முறைகள், காலவரிசை, நாட்காட்டிகள் ஆகியவற்றை டொல்கீன் ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தார். கற்பனைக் கதையொன்றுக்கு நாட்காட்டி எதற்கு என்று அன்று பதிப்பாளர் அலுத்துக் கொண்டிருந்தால் அவரைக் குறைகூற முடியாது.

பெப்ரவரி 30க்கான விடை அந்த நாட்காட்டியில் இருக்கிறது. ஹொபிட்டுகள் வாழும் ஷயர் நாட்டில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொன்றும் முப்பது நாட்கள். ஆக 360. எஞ்சிய ஐந்து நாட்களும் எந்த மாதத்திலும் சேராதவை. ஆண்டின் கடைசி நாளும் முதல் நாளும் 'யூல்' எனப்படும் குளிர்காலப் பண்டிகை நாட்கள். ஆறாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையே 'லித்' எனப்படும் கோடைப் பண்டிகையின் மூன்று நாட்கள். அவற்றுள் நடுவிலுள்ளது ஆண்டு நடுநாள். நெட்டாண்டில் அதை அடுத்து மேலும் ஒரு நாள் கூடும். மொழிபெயர்ப்பாளனின் வசதிக்காகவே நம்முடைய மாதப் பெயர்களை இட்டேன் என்பது டொல்கீனின் பாவனை. எனவே அட்டவணையிலுள்ள பெப்ரவரி நம்முடைய பெப்ரவரி அல்ல. 'சொல்மத்' என்னும் ஷயர் மாதம் அது. அதற்கு எல்லா ஆண்டிலும் முப்பது நாட்கள்.

இதைவிட நுட்பமான ஏற்பாடொன்றும் உண்டு. ஆண்டு நடுநாளுக்கும் நெட்டாண்டின் கூடுதல் நாளுக்கும் கிழமைப் பெயர் கிடையாது. அவை வாரத்துக்கு வெளியே நிற்கின்றன. 365 நாட்களில் ஒன்றைக் கழித்தால் 364. அது சரியாக 52 வாரங்கள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஒரே கிழமையில் தொடங்கி ஒரே கிழமையில் முடிகிறது. ஹொபிட்டுகளின் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும். மாதங்கள் எந்தெந்தக் கிழமையில் பிறக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். முதல் ஆறு மாதங்கள் முறையே ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி, திங்கள், புதன். பின் ஆறு மாதங்களும் அதே வரிசையில் மீண்டும் அவ்வாறே. விடுபட்டுப் போகும் கிழமை வெள்ளி ஒன்றுதான். எந்த மாதமும் எந்த ஆண்டிலும் வெள்ளிக்கிழமை பிறப்பதில்லை. இதனால், ஒருபோதும் நடக்காத காரியத்தை 'முதலாந்திகதி வெள்ளிக்கிழமை நடக்கும்' என்று சொல்லி ஹொபிட்டுகள் சிரிப்பார்களாம். நமக்குப் பெப்ரவரி 30 எதுவோ, அவர்களுக்கு அது. ஒரு நாட்காட்டியை அமைத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் குடியானவர்கள் அதை வைத்து என்ன பகிடி விடுவார்கள் என்பது வரை யோசித்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கிழமை இல்லாத நாள் என்பது வெறும் கற்பனையுமன்று. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சர்வதேச சங்கத்தில் நாட்காட்டிச் சீர்திருத்தம் தீவிரமாகப் பேசப்பட்டது. 1930ஆம் ஆண்டு எலிசபெத் அக்கிலிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கிய உலக நாட்காட்டிச் சங்கம் முன்வைத்த திட்டத்திலும் இவ்வாறே ஆண்டிறுதியில் கிழமையற்ற நாளொன்று இருந்தது. 1950களின் நடுப்பகுதியில் இந்தியா அந்தத் திட்டத்தை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்றது. அதே ஆண்டுகளில்தான் இந்தியாவில் விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையிலான குழு நாட்டின் பஞ்சாங்கங்களை ஆராய்ந்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டுக் கணக்கு இந்தியாவின் தேசிய நாட்காட்டியாக நடைமுறைக்கு வந்தது. உலகத் திட்டமோ தோற்றது. ஏழு நாள் சுற்று ஒருநாளும் அறுபடக்கூடாது என்று யூதர்களும் கிறிஸ்தவ சபைகள் சிலவும் உறுதியாக நின்றதும், அமெரிக்கா ஆதரிக்க மறுத்ததும் அதற்குக் காரணங்கள்.

வாரத்தை அசைத்தால் என்னவாகும் என்பதை இலங்கையர் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, நிலவின் நான்கு நிலைகளையொட்டிய போயா தினங்களை வைத்து வார விடுமுறை கணக்கிடப்பட்டது. நிலவின் கால்சுற்று சராசரியாக ஏழு நாட்களும் ஒன்பது மணித்தியாலங்களும் கொண்டது. அதனால் ஒரு வாரம் ஏழு நாளாகவும் இன்னொரு வாரம் எட்டு நாளாகவும் நீண்டது. வெளிநாட்டு வங்கிகளோடும் கப்பல் நிறுவனங்களோடும் தொழில் செய்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வானத்து நிலவும் அலுவலகத்துக் கிழமையும் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. டொல்கீனுக்கும் தலைவலி கொடுத்தது நிலவுதான். அதற்கு வருமுன் அவருடைய மாதப் பெயர்களின் மூலத்தைக் குறிப்பிட வேண்டும்.

டொல்கீன் 1925 முதல் 1945 வரை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஷயர் மாதங்களின் பெயர்களை அவர் வெறுங்கையால் உருவாக்கவில்லை. வட இங்கிலாந்தின் மடாலயமொன்றில் வாழ்ந்த பீட் என்ற துறவி, 725ஆம் ஆண்டளவில் காலக்கணிதம் பற்றி எழுதிய லத்தீன் நூலில், கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஆங்கிலேயர் வழங்கிய மாதப் பெயர்களைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெயர்கள் அழியாமல் பேச்சுவழக்கில் தேய்ந்து வந்திருந்தால் எப்படி ஒலிக்குமோ அப்படியே ஷயர் மாதங்கள் ஒலிக்கின்றன. பசுவிடம் நாளுக்கு மூன்று வேளை பால் கறக்கும் மாதம் என்று பீட் விளக்கும் மாதம் ஷயரில் 'திரிமிட்ஜ்'. கால்நடைகளைப் பலியிடும் மாதம் 'புலொட்மத்'. ஈஸ்டர் என்ற சொல்லுக்கு மூலமான மாதம் 'அஸ்ட்ரன்'. பீட் அந்நூலை எழுதிய முக்கிய நோக்கமே ஈஸ்டர் திருநாளைக் கணிப்பதுதான். அதாவது சூரிய ஆண்டையும் சந்திர மாதத்தையும் ஒரே பலகையில் பொருத்துவது. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே பலகையில் ஒரு நாவலாசிரியர் சிக்கிக் கொண்டார்.

அவருடைய உலகின் ஏனைய காலக்கணக்குகளை இங்கு விரிக்க வேண்டியதில்லை. தேவ இனத்தை ஒத்த எல்வ்ஸ் மக்களுக்கு 144 சூரிய ஆண்டுகள் கொண்ட ஒரு பேராண்டும் ஆறு நாள் வாரமும் உண்டு. சாகாதவர்களுக்கு ஓராண்டு என்பது மிகச் சிறிய அலகாகத் தோன்றும் என்பது தர்க்கம். மனிதரின் பேரரசில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த விநாடிப் பிழைகளைச் சரிக்கட்ட, ஆளுநர் ஒருவர் ஓராண்டுக்கு இரண்டு நாட்களைச் சேர்த்தார். அவருக்குப் பின் வந்தவர் இன்னொரு நாளைச் சேர்த்தார். இவையெல்லாம் பஞ்சாங்கக் கணிதர்களுக்கு இனிக்கலாம். கதைக்கு அவற்றால் பெரிய பயனில்லை என்பதே என் எண்ணம்.

கதைக்குப் பயன்பட்டது வேறு. 1944ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டுக்கிடையே, பரீட்சை விடைத்தாள்களின் வெற்றுப் பக்கங்களிலும்கூட எழுதிய டொல்கீன், புரோடோவும் தோழன் சாமும் எதிரியின் எல்லையை நெருங்கும் அத்தியாயங்களை எழுதிக் கொண்டிருந்தார். அவருடைய மகன் கிறிஸ்டோபர் அப்போது விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாபிரிக்காவில் இருந்தார். மகனுக்கு அந்த ஆண்டு மே மாதம் எழுதிய கடிதமொன்றில் தந்தை ஒரு சங்கடத்தைத் தெரிவிக்கிறார். கதையின் முக்கியமான நாட்களில் தம்முடைய நிலவுகள் நடக்கவியலாத காரியங்களைச் செய்வதைக் கண்டுபிடித்தாராம். நாட்டின் ஒரு பகுதியில் உதிக்கும் அதே நேரத்தில் மறுபகுதியில் நிலவு மறைந்து கொண்டிருந்ததாம். முந்தைய அத்தியாயங்களின் பகுதிகளைத் திருத்தி எழுதுவதில் ஒரு பிற்பகல் முழுவதும் கழிந்தது என்கிறார். உலகமே தீப்பற்றியெரிந்த வேளையில், இல்லாத நாடொன்றின் நிலவுக்காக ஒரு பிற்பகல்!

அதன் பிறகு அவர் செய்த வேலை பத்திரிகைக்காரர்களுக்கு நன்கு புரியும். கதைமாந்தர்களின் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிரல் ஒதுக்கி, ஒவ்வொரு திகதியிலும் யார் எங்கே என்ன செய்து கொண்டிருந்தார் என்று காட்டும் அட்டவணைகளை வரைந்தார். நிலவின் வளர்பிறை தேய்பிறைகளைத் தாமாகக் கற்பனை செய்யாமல், 1941-42 ஆண்டுகளின் உண்மையான நிலவுக் கணக்கை எடுத்துச் சில நாட்கள் தள்ளிப் பொருத்திக் கொண்டார். நூலின் கையெழுத்துப் பிரதிகளை அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலுள்ள மார்க்கெற் பல்கலைக்கழகம் 1957ஆம் ஆண்டு விலைக்கு வாங்கியது. அந்த அட்டவணைகள் இன்றும் அங்கு உள்ளன. வரைவுகள் எப்படி மாறி மாறி வளர்ந்தன என்பதை, 2020இல் காலமான கிறிஸ்டோபர் டொல்கீன், 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளில் வெளியிட்டுச் சென்றுள்ளார்.

இந்த உழைப்பின் பலனை ஓரிடத்தில் காட்டுகிறேன். மார்ச் 7ஆம் திகதி இரவு. பிப்பின் என்ற ஹொபிட், கண்டால்ப் என்ற முதியவருடன் குதிரையில் தலைநகரை நோக்கி விரைகிறான். உறங்கி விழித்தவன் கிழக்கே ஏறக்குறைய முழுமையடைந்த நிலவு எழுவதைப் பார்க்கிறான். புரோடோ இப்போது எங்கே இருப்பானோ, உயிரோடுதான் இருக்கிறானோ என்று நினைக்கிறான். வெகுதூரத்தில், அதே நிலவு விடியுமுன் மேற்கே இறங்குவதைப் புரோடோ பார்த்துக் கொண்டிருந்தான் என்பதைப் பிப்பின் அறியவில்லை என்று கதைசொல்லி ஒரு வரியில் சொல்லிச் செல்கிறார். வாசகருக்கோ அது முன்னமே தெரியும். முந்தைய பாகத்தின் இறுதிப் பகுதியில், மலைக்குகை ஒன்றில் உறங்கிய புரோடோவை விடியுமுன் எழுப்பி வெளியே அழைத்துச் செல்கிறார்கள். அங்கே முழுநிலவு மலைகளுக்கு மேல் தாழ்ந்து கொண்டிருக்கும். பௌர்ணமி நிலவு அந்தியில் உதித்து விடியலில் மறையும் என்பது நம் வீட்டு மூதாட்டிகளுக்கும் தெரிந்த விடயம். இருவருக்கும் இடையே ஓர் இரவின் தூரம். இருவரையும் இணைப்பது அந்த ஒரே நிலவு. திகதிகளுள் ஒன்று பிசகியிருந்தாலும் அந்த வரி பொய்யாகிப் போயிருக்கும். பிப்பினின் ஏக்கம் வெறும் அலங்காரச் சொல்லாகியிருக்கும்.

இதனினும் பெரியது மார்ச் 15ஆம் திகதி. ஐந்து நாட்களுக்கு முன் எதிரி தன் நாட்டிலிருந்து எழுப்பிய கரும்புகை வானத்தை மூடி, விடியலே இல்லாமற் செய்திருக்கிறது. 15ஆம் திகதி காலை தலைநகரின் முன்னுள்ள வெளியில் பெரும்போர். தென்மேற்குக் காற்று எழுகிறது. இருளைக் கிழக்கே தள்ளுகிறது; அரசனின் கப்பல்களை ஆற்று வழியே போர்க்களத்துக்குக் கொண்டு வருகிறது. அதே காலையில், எதிரியின் நாட்டுக்குள் உடல் நொந்து, தண்ணீரின்றி ஒளிந்திருக்கும் சாம், இருளின் விளிம்பு பின்வாங்குவதைக் கண்டு, அங்கே ஏதோ நல்லது நடக்கிறது என்று புரோடோவிடம் சொல்கிறான். என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். திகதியைப் பின்னிணைப்புக்கு விட்டுவிடாமல், அந்த இடத்தில் கதைசொல்லியே மார்ச் 15 என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். போர்க்களத்தில் மூத்த அரசன் ஒருவன் இறந்து கொண்டிருந்த வேளை அது என்கிறார். தூதில்லை, கடிதமில்லை, தொலைபேசியில்லை. ஒரே காற்று இரு இடங்களிலும் ஒரே காலையில் வீசியது என்பது மட்டுமே செய்தி.

இந்தப் பக்கங்களை நான் வேறொரு பழக்கத்தோடும் வாசிக்கிறேன். இங்கு போர் நடந்த ஆண்டுகளில், இடம்பெயர்ந்து வந்த மக்களிடம் என்ன நடந்தது என்று கேட்டு எழுதியவர்களுக்குத் தெரியும், அவர்களில் பலரிடம் திகதி இருக்காது. நிலவு இருக்கும். 'பறுவத்துக்கு இரண்டு நாள் முந்தி', 'கோயில் தேருக்கு அடுத்த நாள்', 'நல்ல நிலவு வெளிச்சம், அதாலைதான் நடந்து வந்தம்' என்பார்கள். நான்கைந்து பேரின் சொல்லை வைத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திகதியை நிறுவ வேண்டும். அமாவாசையன்று நிலவு வெளிச்சத்தில் நடந்ததாக ஒரு கூற்று வந்தால் அதை ஒதுக்கி வைத்து, மறுபடியும் கேட்க வேண்டும். பிரிந்துபோன இரு குடும்பத்தார் ஒரே இரவில் ஒரே ஊரின் இரு கரைகளில் இருந்தார்கள் என்பது சில வேளைகளில் அந்தக் கணக்கின் முடிவில்தான் தெரியவரும். டொல்கீன் அட்டவணை வரைந்ததைப் பண்டித விளையாட்டு என்று நையாண்டி செய்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அட்டவணை கதையை வென்றுவிடாமல் அவர் காத்த இடமும் ஒன்றுண்டு. பயணிகள் லோத்லோரியன் என்னும் எல்வ்ஸ் காட்டுக்குள் நுழைந்து தங்குகிறார்கள். வெளியே வந்து ஆற்றில் படகு விடும் நாட்களில் சாம் வானத்தில் மெல்லிய பிறையைக் கண்டு குழம்பிப் போகிறான். காட்டுக்குள் நுழையும் முன் கண்டது தேயும் நிலவு. கணக்குப்படி சில நாட்களில் பிறை வர வேண்டும், வந்திருக்கிறது. அப்படியானால் காட்டுக்குள் தங்கிய நாட்கள் எங்கே போயின? வானவர் நாட்டில் ஒரு நாள் மண்ணுலகில் ஓராண்டு என்பது போன்ற கதைகளை நாமும் கேட்டே வளர்ந்தவர்கள். டொல்கீனும் முதலில் அந்த வழியில், காட்டுக்குள் காலமே வேறு என்று வைக்கலாமா என எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதை வரைவுகள் காட்டுகின்றன. ஆனால் அப்படி வைத்தால் வெளியுலகில் நடப்பவற்றின் திகதிகள் எல்லாம் குலையும். இறுதியில் அவர் ஜனவரி 17 முதல் பெப்ரவரி 16 வரை என்று முப்பது ஷயர் நாட்களை அங்கே வைத்தார். நிலவின் ஒரு முழுச்சுற்று ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். ஒரு சுற்று முடிந்து நிலவு பழைய இடத்துக்கே வந்து நின்றது; அதனால்தான் காலமே ஓடவில்லை என்ற மயக்கம் சாமுக்கு ஏற்பட்டது. நிலவு ஒருமுறை வளர்ந்து தேய்ந்ததை நாம் கவனிக்கவில்லை என்று அரகோர்ன் விளக்குகிறான். மாயமும் குலையவில்லை, கணக்கும் பிழைக்கவில்லை. நூல் முழுவதிலும் நாட்காட்டியால் விளைந்த மிக அழகான இடம் இதுவே என்பேன்.

மோதிரம் அழிந்த நாள் மார்ச் 25. 1752ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது அந்தத் திகதியில்தான். கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளும் அதுவே. பழைய மரபொன்று இயேசு சிலுவையில் அறையப்பட்டதும் அதே திகதியில் என்று கருதியதை அறிஞர் டொம் ஷிப்பி சுட்டிக்காட்டியுள்ளார். பயணிகள் புறப்பட்டது டிசம்பர் 25. கத்தோலிக்கரான டொல்கீன் இவ்விரு திகதிகளையும் தற்செயலாக இட்டார் என்று நம்புவது கடினம். கதைக்குள்ளும் வெற்றி பெற்ற அரசு மார்ச் 25ஐப் புத்தாண்டாக அறிவிக்கிறது. திகதியின் பொருளைக் கதைமாந்தர் எவரும் விளக்குவதில்லை. அட்டவணையில் அது வெறும் எண்ணாகவே நிற்கிறது.

இங்கே ஒரு குறும்பான கணக்கும் உண்டு. நம்முடைய ஜனவரி முதலாந்திகதி ஏறக்குறைய ஷயரின் ஜனவரி 9ஆம் திகதியில் வரும் என்று டொல்கீன் குறித்துள்ளார். அதை வைத்து எண்ணிப் பார்த்தால், பில்போவும் புரோடோவும் பிறந்த செப்டெம்பர் 22ஆம் திகதி நமக்குச் செப்டெம்பர் 14 அளவில் விழுகிறது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு முதல் செப்டெம்பர் 22ஐ ஹொபிட் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு வாரம் பிந்திய கொண்டாட்டம் என்று வாதிடும் தீவிர வாசகர்கள் இருக்கிறார்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று ஆண்டுதோறும் புத்தாண்டு நேரத்துக்கு வழக்காடும் நமக்கு இந்த வாதம் அந்நியமானதன்று.

இவ்வளவு துல்லியமாகக் கணித்தவரைத் தோற்கடித்தது அவருடைய முந்தைய நூல். 1937இல் வெளியான 'த ஹொபிட்' சிறுவர்களுக்காக எழுதப்பட்டது. அதில் டிராகன் வாழும் மலையின் இரகசியக் கதவு, டூரின் நாள் எனப்படும் ஒரே நாளில் மட்டும் புலப்படும். இலையுதிர்காலத்தின் கடைசி நிலவு பிறக்கும் முதல் நாளில், சூரியனும் நிலவும் ஒருசேர வானில் தெரிந்தால் அது டூரின் நாள். நோன்புப் பெருநாளின் தலைப்பிறையைத் தேடி மாலை வானத்தைப் பார்ப்பவர்களுக்கு இதன் சிரமம் புரியும்: கணக்கு மட்டும் போதாது, கண்ணும் காண வேண்டும். குள்ளர் இனத் தலைவன் தோரினும், அந்த நாளை முன்கூட்டியே கணிக்கும் திறமை இப்போது எம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். அதுபோதாதென்று, நூலின் ஓரிடத்தில் கடைசி நிலவு என்றும் இன்னோரிடத்தில் முதல் நிலவு என்றும் பல தசாப்தங்கள் அச்சாகி வந்தது.

கோடை நடுநாளுக்கு முந்தைய இரவில் எல்ரொண்ட் அகன்ற பிறையொளியில் வரைபடத்தைப் படிக்கிறார். அந்தப் பிறைக்கு நான்கு நாள் வயது என்று கொண்டால், நான்கு மாதச் சுற்றுக்குப் பின் ஒக்டோபர் நடுப்பகுதியில் தலைப்பிறை தெரிய வேண்டும். அதை விட்டால் நவம்பர் நடுப்பகுதி. செப்டெம்பர் 22இல் பீப்பாயில் ஏறி ஏரி நகரை அடைந்த பில்போவுக்கு ஒக்டோபரே பொருந்துகிறது. ஆனால் இலையுதிர்காலத்தின் கடைசி வாரம் நாளை தொடங்குகிறது என்று தோரின் சொல்கிறானே? இன்றைய ஐரோப்பியக் கணக்கில் அது டிசம்பர் அல்லவா? பீட் துறவியின் ஆங்கிலேயர்களோ ஒக்டோபர் மாதத்துப் பௌர்ணமியில் குளிர்காலம் தொடங்குவதாகக் கொண்டவர்கள். அந்தப் பழைய வழக்கில் வைத்துப் பார்த்தால் முடிச்சு ஓரளவு அவிழ்கிறது. முழுமையாக அவிழ்கிறது என்று சொல்ல மாட்டேன்.

டொல்கீனுக்கும் அது திருப்தி தரவில்லை. 1960ஆம் ஆண்டு அவர் 'த ஹொபிட்' நூலையே பின்வந்த பெருநூலின் தூரங்களுக்கும் திகதிகளுக்கும் நிலவுகளுக்கும் இணங்கத் திருத்தி எழுதத் தொடங்கினார். பயணத் தூரங்களை மீண்டும் அளந்தார். குதிரைக்குட்டிகளில் சென்ற குள்ளர்கள் அந்தத் தூரத்தைக் கடக்க ஏன் அத்தனை நாள் எடுத்தார்கள் என்று மண்டையை உடைத்துக் கொண்டார். பாலங்களையும் சத்திரங்களையும் புதிதாக வைத்தார். வேடிக்கையாகக் கதைசொல்லி குறுக்கிட்டுப் பேசும் இடங்களை நீக்கினார். எழுதிய பகுதியை ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது 'த ஹொபிட்' அல்லவே என்ற பொருள்பட அந்த நண்பர் சொன்னார். அத்துடன் வேலையை நிறுத்திவிட்டார்.

1966இல் வந்த திருத்திய பதிப்பில் சிறு மாற்றங்களை மட்டுமே செய்தார். 1960இன் தாள்களும், நாள்வாரிப் பயணக் குறிப்புகளும், நிலவுக் கணக்குகளும் அப்படியே கிடந்தன. அவர் 1973 செப்டெம்பரில் காலமானார். ஜோன் ரேட்லிஃப் என்ற ஆய்வாளர் 2007ஆம் ஆண்டு அவற்றைப் பதிப்பித்தார். இன்று கடைகளில் விற்கும் நூலில் குள்ளர்கள் பழைய மந்த நடையிலேயே போகிறார்கள். டூரின் நாள் எப்போது வரும் என்று தோரினுக்கு இன்னமும் தெரியாது.